சுவைஞரும் சுவைப்பொருளும்: ஸ்பானிய வைனையும் கொழும்புத் தேயிலையையும் முன்வைத்துச் சில சிந்தனைகள்

தமிழ்க் கவிதையியலிலே 'சுவை' என்னுஞ் சொல் நெடிய வரலாறு கொண்டது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டோர், சுவைக்கப்படும் பொருள், அதனை நுகர்ந்த பொறியுணர்வு, அதன்வழி மனத்திலே பிறக்கும் குறிப்பு, குறிப்பின் பயனாக உடலிலே தோன்றும் விறல் என நான்காகப் பகுத்து, அவற்றை நகை முதலிய எட்டோடும் உறழ்ந்து முப்பத்திரண்டு என்று கணக்கிட்டனர். நாவுக்கும் பண்டத்துக்குமிடையே நிகழ்வதனை மாதிரியாகக் கொண்டே அரங்குக்கும் அவைக்குமிடையே நிகழ்வதனை அவர்கள் விளக்க முற்பட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அந்நான்கினுள்ளும் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. சுவைப்பொருளை ஆக்கியவர் யார், எந்நிலையில் ஆக்கினார் என்ற வினா அங்கு எழவில்லை. உரைகாரரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அவ்வினா வேண்டப்படவில்லை. ஆயின், பண்டம் சந்தைக்கு வந்து, அதன் சுவையே அதன் விலையை நிர்ணயிக்கும் காலத்தில் வாழும் நாம் அவ்வினாவைத் தவிர்த்துச் செல்லல் இயலாது.

இதுபற்றிச் சிந்திக்க எம்மைத் தூண்டியது ஒரு கடிதம். எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது இலண்டனில் உணவகமொன்றிலே பணியாற்றுகிறார். தொழிலில் உயரவேண்டின் வைன் பற்றிய தேர்வில் சித்தியடைதல் அவசியம் என்பதனால், 1969ஆம் ஆண்டு தொடங்கி அந்நகரில் இயங்கிவரும் வைன், மதுசாரக் கல்வி நிறுவனத்தின் பாடநெறியொன்றிலே சேர்ந்துள்ளார். ஸ்பானிய வைன்களைச் சுவைத்து எழுதிய பயிற்சிக் குறிப்புகள் சிலவற்றை நுகேகொடையிலுள்ள எமது முகவரிக்கு அனுப்பி, ஈற்றில் ஒரு கேள்வியையும் கேட்டிருந்தார். சிவப்பு வைனைக் குடித்ததும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இறுகுகின்றனவே, அதனை ஆங்கிலத்தில் விளக்கச் சகமாணவர் அரைமணி நேரம் தடுமாறினர். தமக்கோ பாக்கையும் வாழைப்பூவையும் நினைத்தவுடன் 'துவர்ப்பு' என்று வந்துவிட்டது. அச்சொல்லைத் தேர்வுத்தாளில் எவ்வாறு எழுதுவது என்பதே கேள்வி.

அவருடைய குறிப்புகளிலிருந்து அக்கல்வியின் முறைமையை ஓரளவு அறியலாம். முதலில் கண்: கிண்ணத்தை வெண்தாளின்மேற் சாய்த்து நிறத்தின் செறிவையும் விளிம்பின் வெளிறலையும் நோக்கல். அடுத்து மூக்கு: பழம், மலர், மரம், தோல், புகை என மணங்களை இனங்காணல். மூன்றாவது வாய்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, மதுசாரத்தின் சூடு, திண்மை, விழுங்கிய அல்லது உமிழ்ந்த பின்னர் சுவை நிலைக்கும் நேரம். இவற்றின் பின்னரே தரம் பற்றிய முடிபு. இச்சோதனைக்கு உரிய கிண்ணத்தின் வடிவமே 1977இல் சர்வதேச நியமமாக வெளியிடப்பட்டது. 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்ற வாக்கியத்துக்கு அங்கு இடமில்லை என மாணவர் சற்று வியப்புடன் எழுதியிருந்தார். எமது இலக்கிய இரசனைக் குறிப்பாளர் சிலர் இப்பயிற்சியில் ஓராண்டேனும் அமர்ந்திருப்பின் நன்றாயிருக்கும் என்று எண்ணத் தோன்றியது.

ஸ்பானியாவின் வட பகுதியிலுள்ள றியோஹாவிலே தெம்பிரனியோ என்னும் முந்திரிகையிலிருந்து பெறப்படும் சிவப்பு வைன் ஓக் மரப் பீப்பாய்களில் முதிர்விக்கப்படுகின்றது. 'கிறியான்சா' எனப் பெயர்பெற வேண்டின் குறைந்தது இரண்டாண்டு, அதில் ஓராண்டேனும் மரத்தில், 'றெசெர்வா' மூன்றாண்டு, 'கிரான் றெசெர்வா' ஐந்தாண்டு. அமெரிக்க ஓக்கினால் வனிலா, தேங்காய் மணங்கள் ஏறுகின்றன. தெற்கே ஹெரெஸ் நகரத்து ஷெரி முற்றிலும் வேறுவகையானது. அங்கே பீப்பாயை நிரப்பாது விட்டு, வைனின் மேற்பரப்பிலே 'புளோர்' என்னும் மதுவத்தின் வெண்படலம் வளர விடுவர். வளி படாது காக்கும் அப்படலமே ஃபீனோ வகைக்கு அதன் வெளிறிய நிறத்தையும் வாதுமை, பச்சை மா ஆகியவற்றை நினைவூட்டும் மணத்தையும் தருகிறது. பல்வேறு ஆண்டுகளின் வைன்களைப் படிவரிசையாகக் கலந்துகொண்டே செல்லும் 'சொலேறா' முறையில், எந்தக் கிண்ணமும் ஒரே ஆண்டின் விளைவு அன்று. றியோஹா ஆண்டுகளை எண்ணிக் காட்டுகிறது. ஹெரெஸ் ஆண்டுகளைக் கரைத்து விடுகிறது.

மாணவரின் குறிப்புகளைப் படித்தபோது, இவ்வாறு உறிஞ்சி, உருட்டி, உமிழ்ந்து, சொல் தேடும் ஒரு தொழில் எமது நகரிலேயே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வருவதும், தமிழ் ஆய்வுலகம் அதனை ஏறெடுத்தும் பாராதிருப்பதும் உறைத்தன. கொழும்புத் தேயிலைச் சுவைஞரின் தொழிலையே குறிப்பிடுகிறோம்.

*

1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பி இலைநோய் தோன்றியது. அடுத்த இரு தசாப்தங்களில் கோப்பி அழிய, அதனிடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. ரெயிலரின் தொடக்ககாலத் தொழிற்சாலை அவரது பங்களாவின் விறாந்தையே. மேசைகளின்மேல் கொழுந்தைத் தொழிலாளர் கைகளாலே உருட்டினர். மண்ணடுப்பிலே கரிநெருப்பின்மேல் உலர்த்தினர். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. 1883 ஜூலை 30ஆம் திகதி கொழும்பிலே சமர்வில் கம்பனியாரின் அலுவலகத்தில் முதலாவது பகிரங்க ஏலம் நடைபெற்றது. 1894இல் கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கம் அமைந்தது. குரல் எழுப்பி விலைகூறும் அவ்வேலமுறை, 2020 ஏப்ரிலில் கொள்ளைநோய் காரணமாகக் கணினிவழிக்கு மாற்றப்படும்வரை 137 ஆண்டுகள் நீடித்தது. மண்டபம் மாறியது, குரல் ஓய்ந்தது. ஆயின் ஏலத்துக்கு முன்னர் நாவினாற் செய்யப்படும் மதிப்பீட்டை எந்தக் கணினியும் இன்னும் பதிலீடு செய்யவில்லை.

அம்மதிப்பீடு நிகழும் அறையொன்றைப் பார்க்கும் வாய்ப்புச் சில ஆண்டுகளுக்கு முன்னர் எமக்குக் கிட்டியது. நீண்ட வெண்பலகை, வடக்கு ஒளி விழும் சாளரங்கள், வரிசை வரிசையாக வெண் பீங்கான் குவளைகளும் கோப்பைகளும். ஒவ்வொன்றின் முன்னும் உலர்ந்த தூள், அவித்தெடுத்த இலை, வடித்த சாயம் என மூன்று. உலர்ந்த இலையின் முறுக்கையும் நிறத்தையும் முதலிற் பார்ப்பர். மூடியின்மேற் கவிழ்த்த அவிந்த இலையில் செம்பு நிறத்தின் ஒளிர்வைப் பார்ப்பர். பின்னர் கரண்டியால் அள்ளி, ஓசையெழ உறிஞ்சி, நாவெங்கும் பரவச்செய்து, உருட்டிச் செல்லும் உயர்ந்த படிக்கத்திலே உமிழ்ந்துவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வர். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகள். 1980இல் வெளியிடப்பட்ட சர்வதேச நியமம் 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம் என வரையறுக்கிறது. வணிகரின் பழைய வழக்கோ, தராசின் ஒரு தட்டிலே ஆறு பென்சு நாணயத்தை இட்டு அதன் எடைக்குத் தேயிலை நிறுப்பது. ஆங்கிலேயரின் அந்நாணயம் 2.83 கிராம். அது வழக்கொழிந்த பின்னும் அவ்வெடை வழக்கிலே தங்கிவிட்டது.

சுவைஞர் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு சொல்லோ இரண்டோ சொல்வார், உதவியாளர் எழுதிக்கொள்வார். 'பிறைற்', 'பிறிஸ்க்', 'பொடி', 'கலறி', 'மோல்ற்றி', 'பன்ஜன்ற்' என்பன புகழ்ச் சொற்கள்; 'டல்', 'பிளாற்', 'கிறீன்', 'ஸ்ரூவ்ட்', 'பேக்கி', 'ரெயின்ற்' என்பன இகழ்ச் சொற்கள். எமது மாணவரின் வைன் குறிப்புகளிலே நாவற்பழமும் புகையிலையும் உலர்ந்த அத்தியும் மலிந்து கிடக்க, இங்கே உவமைகளே இல்லை. வைன் குறிப்பு நுகர்வோனை மயக்க எழுதப்படுவது. தேயிலைக் குறிப்பு தொழிற்சாலைக்கும் வாங்குவோனுக்கும் அறிவிக்க எழுதப்படுவது. முன்னது வருணனை, பின்னது வைத்தியனின் குறிப்புச்சீட்டை ஒத்தது. இவ்விரண்டிலும் பின்னதையே நாம் மதிக்கிறோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

'பன்ஜன்ற்' என்பதனை அகராதி 'காரம்', 'உறைப்பு' என்று தரும். தேயிலைச் சுவைஞர் அதனாற் கருதுவது காரத்தையன்று. கைப்பில்லாத, ஈற்றைப் பற்றும் துவர்ப்பையே. ஆங்கிலப் பொதுவழக்கிலே அச்சுவைக்கு அன்றாடச் சொல் இல்லாமையால் அவர்கள் வேறொரு சொல்லை இழுத்து வளைத்துக் கொண்டனர். தமிழரோ துவர்ப்பை அறுசுவையுள் ஒன்றாகவே எண்ணினர். உடலியலார் அதனைச் சுவையென்று கொள்ளாது பரிசவுணர்வு என்பர். அவர்கள் கூற்று ஒருபுறமிருக்க, சொல் உண்டு என்பதே ஈண்டு முக்கியமானது. தேயிலையின் துவர்ப்புக்கும் ஒளிர்வுக்கும் தியாபிளேவின் எனப்படும் சேர்வைகளும், நிறத்துக்கும் திண்மைக்கும் தியாருபிஜின்களும் பெரிதும் காரணமாகின்றன. கொழுந்தின் கலங்கள் உடைந்து வளியோடு சேரும் 'புளித்தல்' கட்டத்திலே இவை உண்டாகின்றன. நேரங் குறைந்தால் பச்சை வாடை, கூடினால் மங்கல். வைனின் துவர்ப்போ முந்திரிகையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஓக் மரத்திலிருந்தும் வருவது. வேறு வேறு செடிகள். நாவிலே நிகழ்வது ஒன்றே.

அவ்வறையில் வழங்கிய சொற்களுள் ஒன்றேனும் தமிழாகவோ சிங்களமாகவோ இல்லை. கொழுந்து கொய்வோரின் மொழி ஒன்று; ஆக்கிய தேயிலையை மதிப்பிடும் மொழி வேறொன்று. 'கொழுந்து', 'நிரை', 'மட்டக்கம்பு', 'கவ்வாத்து', 'மடுவம்', 'பெரட்டு', 'பேர்', 'அரைப்பேர்' என மலையகத் தமிழ் ஒரு முழுமையான தொழிற் சொற்றொகுதியை ஆக்கியிருக்கிறது. ஆயின் அச்சொற்கள் தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிடுகின்றன. இலை தூளானதும் அதன் மொழியும் மாறிவிடுகிறது.

*

அறிஞரிடையே பரவலாக மேற்கோள் காட்டப்படும் கருத்தொன்றுண்டு. 1859இல் வெளிவந்த அரசியற் பொருளாதார விமர்சன நூலிலே மார்க்ஸ், கோதுமையின் சுவையிலிருந்து அதனை விளைவித்தவன் ருசியப் பண்ணையடிமையா, பிரெஞ்சுச் சிறு விவசாயியா, ஆங்கில முதலாளியா என்று அறியவியலாது என்ற கருத்தை முன்வைக்கின்றார். 'மூலதன'த்தின் முதலாம் பாகத்திலும் ஓட்ஸ் கஞ்சியை எடுத்துக்காட்டி அதனையே வலியுறுத்துவார். பண்டம் தன்னை ஆக்கிய சமூக உறவுகளை மறைத்து நிற்கிறது என்பதற்கு இதனிலும் எளிய விளக்கம் இல்லை.

கொழும்புச் சுவைஞரோ இக்கூற்றுக்கு மறுப்பாக நிற்பவர்போலத் தோன்றுவார். அவர் ஒரு மிடறிலே அது டிம்புள்ளையா, ஊவாவா, நுவரெலியாவா, உறுகுணையா என்று கூறிவிடுவார். முற்றிய இலை கொய்யப்பட்டது, சாக்கிலே நசுங்கிச் சூடேறியது, வாட்டம் போதவில்லை, புளித்தல் நீண்டுவிட்டது, உலர்த்தியின் வெப்பம் தாழ்ந்து இலை வெந்துவிட்டது, வெப்பம் மிகுந்து கருகியது ஆகிய யாவும் அவர் நாவுக்குத் தெரியும். ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட தோட்டத்திலே நடந்த வேலையின் வரலாறு முழுவதும் அக்கோப்பையில் அவருக்குப் புலப்படுகிறது எனில் மிகையாகாது.

ஆயின் சற்றே ஊன்றி நோக்கின், அவர் காண்பது வேலையை அன்று, வேலையின் பழுதை. இதனையும் மார்க்ஸ் அதே அத்தியாயத்திலே சொல்லியிருக்கிறார்: கத்தி வெட்டாதபோதுதான் அதனைச் செய்த கொல்லன் நினைவுக்கு வருகிறான், நன்றாக வெட்டும் கத்தியில் அவன் உழைப்பு மறைந்துவிடுகிறது. தேயிலை 'டல்' ஆனால், கொய்தவளின் கைக்கும் உருட்டியவனின் கவனத்துக்கும் பழி செல்கிறது. 'பிறைற்' ஆனால் புகழ் மலைக்கும் காற்றுக்கும் தோட்டத்தின் பெயருக்கும் செல்கிறது. மெச்சத்தக்க வேலை இயற்கையாக உருமாறிவிடுகிறது. பிழையான வேலை மட்டுமே வேலையாக எஞ்சுகிறது. சுவை மதிப்பீட்டின் கருத்துநிலை அடிப்படை இதுவே என்பது எமது துணிபு.

இதனாற் சுவைத்திறனே பூர்ஷ்வா ஆடம்பரம் என்று தள்ளிவிடும் சில நண்பரோடு நாம் உடன்பட முடியாது. ஐம்புலன்களின் உருவாக்கம் இன்றுவரையான உலக வரலாறு முழுவதினதும் உழைப்பு என்று 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளிலே கருதியவர் மார்க்ஸ். பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட நூலிலே சுவை எவ்வாறு வர்க்க வேறுபாட்டின் முத்திரையாகின்றது என்று காட்டினார், அது உண்மை. ஆயினும் முத்திரை என்பதற்காகத் திறன் பொய்யாகிவிடாது. தேயிலைச் சுவைஞரும் தம் நாவை விற்றே வாழ்பவர். பயிற்சிக்குப் பல ஆண்டு வேண்டும். வினா அவருடைய திறன் உண்மையா என்பதன்று; அத்திறன் எவருக்கு எதிராக, எவர் சார்பாகக் கணக்கிடப்படுகிறது என்பதே.

வைனிலும் இந்நிலையே. ஷெரியின் புளோர் படலத்தை விதந்தோதும் பாடநூல்கள் 1892 ஜனவரியை விட்டுவிடுகின்றன. அவ்வாண்டு வயற் கூலிகளும் முந்திரிகைத் தோட்டத் தொழிலாளரும் சிறையிலிருந்த தம் தோழர்களை விடுவிக்கவென ஹெரெஸ் நகருட் புகுந்தனர். கிளர்ச்சி ஓரிரவில் அடக்கப்பட்டது. அடுத்த மாதம் நால்வருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. விசென்ற் பிளாஸ்கோ இபாஞ்ஞெஸ் 1905இல் எழுதிய 'லா பொதேகா' என்னும் நாவல் அந்நிகழ்வையும் அந்நகரின் வைன் களஞ்சியங்களையும் களமாகக் கொண்டது. வைனின் மணத்திலிருந்து தொழிலாளியின் வாழ்வை உய்த்தறிய முடியாத இடத்திலே நாவல் நுழைகின்றது. எமது நாட்டில் இப்பணியைச் செய்தது மலையக இலக்கியம். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யிலே தொலைவிலிருந்து கண்டதை, சி. வி. வேலுப்பிள்ளையும் 1974இல் 'காலங்கள் சாவதில்லை' நாவலை வெளியிட்ட தெளிவத்தை ஜோசப்பும் உள்ளிருந்து எழுதினர். இவர்களது ஆக்கங்களைத் தேயிலையின் மறைந்துபோன சுவைக்குறிப்புகள் என்று சொன்னால் நயத்துக்காகச் சொன்னதாகிவிடும். எனினும் கோப்பை காட்டாததை இவை காட்டுகின்றன என்பது வெறும் நயமன்று.

*

ஊவாவின் தேயிலையை எடுத்துக்கொள்வோம். ஜூலை தொடக்கம் செப்ரெம்பர் வரை மலைத்தொடரைக் கடந்து வரும் வறண்ட காற்று பதுளை, பண்டாரவளைப் பகுதிகளிலே வீசுகின்றது. செடி நீரின்றி நலிகிறது. தளிர் மெல்ல வளர்கிறது. அந்நெருக்கடியிலே இலையில் மணச் சேர்வைகள் செறிகின்றன. வலிநீக்கித் தைலத்தை நினைவூட்டும் மெதைல் சலிசிலேற்றின் குளிர்ந்த மணம் ஊவாத் தேயிலையின் தனிமுத்திரை. 'பருவத் தேயிலை'க்காகக் காத்திருக்கும் வாங்குவோர் உலகெங்கும் உள்ளனர். நல்ல வாரங்களில் அத்தேயிலை பெறும் விலை மற்றைய காலத்தைவிடப் பன்மடங்கு உயரக்கூடும். றியோஹாவின் வறண்ட சரிவுகளிலே அளவாக நீரற்ற கொடியே நல்ல பழந்தரும் என்று எமது மாணவர் எழுதியிருப்பதும் இத்தகையதே.

இனி அதே வாரங்களைக் கொய்பவளின் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். அவளது நாட்கூலி கிலோவினால் அளக்கப்படுகிறது. பல தோட்டங்களில் 18 கிலோ, சிலவற்றில் அதனிலும் கூடுதல். அந்நியமத்தை எட்டினாற் பேர், எட்டாவிடின் அரைப்பேர். நூறு கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஆக்கிய தேயிலை ஏறத்தாழ 22 கிலோவே கிடைக்கும். வறட்சியிலே மணம் செறியும் அதே காரணத்தாற் கொழுந்து அருகுகின்றது. நிரை முழுவதும் நடந்தும் கூடை நிரம்பாது. நியமத்தைத் தளர்த்துவதோ விடுவதோ நிர்வாகத்தின் விருப்பம். ஆக, கோப்பை மிக உயர்ந்த விலையைப் பெறும் வாரங்களே அவளுக்கு அரைப்பேர் அச்சம் மிகுந்த வாரங்களாகவும் அமைந்துவிடுகின்றன. சுவை பண்பினால் அளக்கப்படுகிறது. உழைப்பு எடையினால் அளக்கப்படுகிறது. மடுவத்துத் தராசுக்கு மணம் தெரியாது. மென்மையான 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' பார்த்துக் கொய்தால் எடை குறையும். எடைக்காக முற்றிய இலையையும் சேர்த்தாற் கணக்கப்பிள்ளையின் ஏச்சும், கொழும்பிலே 'கோர்ஸ்' என்ற சொல்லும் வரும்.

இவ்விரு அளவைகளும் ஓரிடத்திலேனும் சந்தித்ததுண்டா? ஓரிடத்திற் சந்தித்தன. பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்குமிடையிலான கூட்டு ஒப்பந்தங்களிலே 'விலைப்பங்கு' என்றொரு கொடுப்பனவு இருந்தது. 2013ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி நாட்சம்பளம் 620 ரூபா: அடிப்படை 450, வரவுக்கு 140, விலைப்பங்கு 30. 2019இல் அடிப்படை 700, விலைப்பங்கு 50. ஏலத்திலே தேயிலை பெறும் விலைக்கும் கொய்பவளின் கைக்கும் இடையிலிருந்த ஒரே வெளிப்படையான தொடர்பு அந்த முப்பதும் ஐம்பதும்தான்; அதுவும் விலையோடு ஏறியிறங்காது நிலையான தொகையாக உறைந்துபோயிருந்தது. 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டபோது அது 900 அடிப்படையும் 100 வரவுசெலவுத்திட்ட நிவாரணப்படியும் ஆயிற்று. கூட்டு ஒப்பந்தம் செயலிழந்தது. விலைப்பங்கு என்ற பெயரும் மறைந்தது. ஆயிரம் ரூபா ஒரு வெற்றியே. ஆயினும் அப்பெயரின் மறைவைப் பற்றி எவரும் பேசாமை எமக்கு வியப்பளித்தது.

இன்று நாட்டின் தேயிலையிற் பெரும்பகுதி தாழ்நிலத்துச் சிறுபற்று நிலங்களின் விளைவு என்பதை மறத்தலாகாது. காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களின் சிறு உடைமையாளர் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கின்றனர். அங்கே தேயிலை விற்று வரும் பணத்தை உடைமையாளருக்கு 68, தொழிற்சாலைக்கு 32 என்ற அடிப்படையிற் பகிரும் வாய்பாடு வழக்கிலிருந்து வந்துள்ளது. கொழும்பிலே விலை ஏறின் அவரது பங்கும் ஏறும். அவ்வாய்பாட்டை அவர்கள் எளிதாகப் பெற்றுவிடவில்லை. எமக்கு அதில் முறைப்பாடும் இல்லை. நாம் கேட்பது, நிலம் உடையவரின் கொழுந்துக்கு ஏல விலையிலே பங்கு உண்டு எனின், நிலமற்றவளின் கொழுந்துக்கு ஏன் இல்லை என்பதே. இரண்டும் ஒரே கோப்பையிலே ஒரே நாவினால் மதிக்கப்படுபவை. லயத்தில் வாழ்பவர் தேயிலைச் செடிகளைக் குத்தகைக்கு ஏற்று வருவாயைப் பகிரும் முறைபற்றி அண்மைக் காலத்தில் நடக்கும் விவாதங்களிலே இவ்வினா மறைமுகமாகத் தலைகாட்டுகிறது. நட்டத்தையும் சேர்த்துப் பகிரச் சொல்லும் ஏற்பாடு எது, விலையை மட்டும் பகிரும் ஏற்பாடு எது என்று பிரித்தறியத் தொழிற்சங்கங்கள் தேயிலைக் குறிப்புச்சீட்டுகளை வாசிக்கக் கற்கவேண்டியிருக்கும்.

பிறப்பிடம் பற்றி ஒரு வார்த்தை. றியோஹாவின் பெயரைக் காக்கும் ஒழுங்குசபை 1926இல் அமைக்கப்பட்டது. வேறிடத்து வைன் அப்பெயரைச் சூட முடியாது. 'சிலோன் ரீ' என்னும் பெயரும் அவ்வாறே காக்கப்படுகிறது. 1972இல் நாட்டின் பெயர் மாறியபோதும் தேயிலை தன் பழைய பெயரை விடவில்லை. இந்நாட்டு மண்ணில் முளைத்த இலைக்குப் பிறப்பிடச் சான்று உண்டு. அதே மண்ணிற் பிறந்து அவ்விலையைக் கொய்தவரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பறித்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டு வரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஏலமும் பாராளுமன்றமும் ஒரே நகரத்திலேதான் நடந்தன.

அந்நகரிலே தேயிலையை யார் எவ்வாறு குடிக்கின்றனர் என்பது தனி ஆய்வுக்குரியது. கொட்டாஞ்சேனைத் தேநீர்க் கடைகளிலே கோப்பை கழுவும் இளைஞரும், வெள்ளவத்தையிலும் நுகேகொடையிலும் எம்மைப் போன்றோரின் வீடுகளிலே தேநீர் ஆற்றித் தரும் பெண்களும் எங்கிருந்து வருகின்றனர் என்று கேட்டாற் போதும். தோட்டத்திலே அவர்கள் வீட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தரங்குறைந்த தூள். நாம் சென்ற சுவையறையிலும் எடை பார்த்து, நீர் ஊற்றி, மணி பார்த்து, மூடியைக் கவிழ்த்து வைத்தவர் பதுளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முதியவர். முப்பது ஆண்டு அப்பலகையருகே நின்றவர். சுவைஞர் வருமுன் நீராவியின் மணத்தை வைத்தே எக்கோப்பை தேறும் என்பதை அவர் அறிந்திருந்ததை நாம் கண்டோம். ஒரு கோப்பையைச் சுட்டி, "இது எப்படி ஐயா இருக்கும்?" என்று கேட்டோம். "நாங்க தேத்தண்ணி குடிப்போமுங்க, ருசி பாக்கிறது அவங்க" என்றார். சற்று நேரத்தின் பின், சுவைஞர் அப்பாற் சென்றதும், அதே கோப்பையை முகர்ந்துவிட்டு, "வாட்டம் பத்தலைங்க" என்றார். சுவைஞரின் குறிப்பு 'கிறீன்' என்று இருந்தது.

மாணவருக்கு நாம் எழுதிய பதிலிலே இதனை விவரித்தோம். தேர்வுத்தாளில் ஆங்கிலச் சொல்லையே எழுதும்படியும், தம் சொந்தக் குறிப்பேட்டிலே 'துவர்ப்பு' என்றே எழுதிவரும்படியும் சொன்னோம். முதியவர் கூறிய அவ்விரு சொற்களைப் போன்றவற்றைத் தோட்டத் தொழிற்சாலைகளிலும் மடுவங்களிலும் கேட்டுத் திரட்ட எமது மாணவர் இருவர் அட்டனிலும் பதுளையிலும் முயன்று வருகின்றனர். இதுவரை கிடைத்தவை ஒரு சிறு குறிப்பேட்டின் பதினோரு பக்கங்கள்.